கத்தி பட்டால் பரவுமா?

"புற்றில் கத்தி படக் கூடாது, பட்டால் பரவிவிடும்." தமிழகத்தில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் கூற்று இது. ஒருவரது தொடையில் கட்டி ஒன்று திரண்டு நிற்கும், வலி இராது. இன்னொருவரது பழைய தீத்தழும்பில் புண் ஒன்று தோன்றி, ஆறாமல் கசிந்துகொண்டேயிருக்கும். அறுவை செய்ய வேண்டும் என்பார் மருத்துவர். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் மேற்கண்ட கூற்றை எடுத்துச் சொல்வார். அத்துடன் ஆலோசனை முடிந்துவிடும். பற்றுப் போடுவதும் எண்ணெய் தடவுவதுமாக மாதங்கள் கழியும். மறுபடி மருத்துவமனை வாசலை மிதிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

இந்த அச்சத்தை அறியாமை என்னும் ஒரே சொல்லால் தள்ளிவிடுவது எளிது. ஆயினும், மக்கள் நெடுங்காலமாக நம்பி வரும் ஒன்றுக்கு ஏதேனும் ஒரு வேர் இருந்தே தீரும். அந்த வேர் அறுவை மருத்துவத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பது நம் கருத்து. அதைத் தோண்டிப் பார்ப்பது அனைவருக்கும் பயன் தருவது. தீயோடு புழங்கி வாழும் விருதுநகர், சிவகாசி வட்டார மக்களுக்கோ உயிரைக் காக்கும் செய்தியாகவே அமையக்கூடியது.

இருவகை மருந்து

மழை பொய்த்த அந்தக் கரிசல் மண்ணில் வேளாண்மை மட்டும் வயிற்றை நிரப்பவில்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பும் பட்டாசும், அவற்றுக்கான வண்ணச் சீட்டுகளை அச்சிடும் தொழிலும் அங்கு வேரூன்றின. 'குட்டி ஜப்பான்' என்று ஊருக்குப் பெயரும் வந்தது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், விருதுநகர் எனச் சுற்றுவட்டாரமெங்கும் தொழில் பரவியது. தீபாவளியாயினும், திருமண ஊர்வலமாயினும், கந்தூரி விழாவாயினும், இந்நாட்டு வானில் பூக்கும் ஒளிப்பூக்களில் பெரும்பாலானவை அந்த மண்ணில் பிறந்தவையே.

அங்குள்ள தொழிலாளர் பேச்சில் வெடிக்குள் செலுத்தும் கலவைக்கு மருந்து என்றே பெயர். புண்ணுக்கு இடுவதும் மருந்து. புண்ணை உண்டாக்குவதும் மருந்து. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் பலியாயின. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் தொகையை நாளேடுகள் அச்சிடுகின்றன. உயிர் தப்பியோர் தம் உடலில் சுமந்து செல்லும் தழும்பை யாரும் நெடுநாள் நினைவில் வைப்பதில்லை. ஆனால் அறுவை மருத்துவர்கள் அத்தழும்பை மறந்துவிட முடியாது. அதற்குக் காரணம் உண்டு.

நண்டும் புற்றும்

அறபு மொழியில் இந்நோய்க்கு 'ஸரத்தான்' என்று பெயர். நண்டு என்பது அதன் பொருள். கிரேக்கரும் நண்டின் பெயரையே இதற்கு இட்டனர். நடுவே ஓர் உடல். சுற்றிலும் பற்றிப் பிடிக்கும் கால்கள். தமிழர் இட்ட பெயரோ புற்று. மண்ணுக்கு மேலே தெரிவது சிறு மேடு; கீழே எத்தனை வழிகள் எத்திசையில் ஓடுகின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. மேட்டை மட்டும் வெட்டி எறிந்தால் புற்று அழிந்துவிடாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி நாம் சொல்லப் போவது எளிதில் விளங்கும்.

நாம் இங்குப் பேசுவது இருவகைப் புற்றைப் பற்றி. தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக் குழாய், இவற்றை இணைக்கும் நார் ஆகியவற்றை மென்திசு என்பர். அவற்றில் பிறக்கும் புற்றுக்குச் 'சார்கோமா' என்று பெயர். வயது வந்தோரின் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் அரிதாகக் காணப்படுவது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் உடையது. தொடையில் தோன்றுவதே மிகுதி. இதற்கும் தீக்காயத்திற்கும் தொடர்பு கட்டாயமில்லை.

இரண்டாவது, பழைய தீத்தழும்பில் தோன்றும் புற்று. பெரும்பாலும் தோலின் உயிரணுக்களில் பிறந்து, அடியிலுள்ள மென்திசுக்களைத் துளைத்து இறங்குவது. அரிதாகத் தழும்பிலேயே சார்கோமா தோன்றுவதும் உண்டு. பிறப்பால் இவ்விரண்டும் வேறாயினும், அறுவை மருத்துவர் இவற்றின் முன் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே.

பழையோர் வகுத்த விதி

அவ்விதியை முதன்முதல் எழுதி வைத்தவர்களுள் நம் நாட்டுச் சுசுருதர் ஒருவர். 'அர்புதம்' என்று அவர் அழைத்த கட்டிகளைச் சிறிதும் மிச்சமின்றி நீக்க வேண்டும் என்றும், எஞ்சியது மீண்டும் வளர்ந்து, அணையாது விடப்பட்ட நெருப்பைப் போல உயிரைக் குடிக்கும் என்றும் அவர் பெயரால் வழங்கும் நூல் எச்சரிக்கிறது. நெருப்போடு வாழும் சிவகாசி மக்களுக்கு இவ்வுவமையை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஸ்பெயினில் குர்துபா நகரை ஒட்டிய மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரில் பிறந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 936 முதல் 1013 வரை வாழ்ந்தவராகக் கருதப்படும் இப்பெரியார் இயற்றிய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்டது. இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்களை அதில் அவர் வரைந்து காட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு அதனை இலத்தீனில் பெயர்த்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர்களுக்கு அதுவே பாடநூலாய் விளங்கியது.

புற்றைப் பற்றி அஸ்ஸஹ்ராவி கூறுவது வியப்புக்குரியது. மார்பு, தொடை போன்று முழுவதும் நீக்கக் கூடிய இடத்தில், சிறிதாக, தொடக்க நிலையில் இருந்தால் அறுவை செய்யலாம் என்கிறார். கட்டியைக் கொக்கியால் தூக்கிப் பிடித்து, சுற்றியுள்ள தோலோடு சேர்த்து, வேரில் எதுவும் எஞ்சாதவாறு அறுத்தெடுக்கும் முறையையும் விளக்குகிறார். முற்றிப் பெருத்துவிட்டதாயின் அதை நெருங்கவே வேண்டாம் என்கிறார். அந்நிலையில் தாம் ஒருவரையும் குணப்படுத்தியதில்லை. பிறர் குணப்படுத்தக் கண்டதும் இல்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். தம் கலையின் வெற்றியை மட்டுமே பேசும் நூல்கள் நிறைந்த உலகில் இந்நேர்மை எத்துணை அரியது!

அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த இப்னு சீனாவும் (980–1037) புற்று சிறிதாயிருக்கும் தொடக்க நிலையில்தான் நம்பிக்கைக்கு இடமுண்டு என்றார். ஆக, ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே மூன்று சொற்களில் விதி வகுக்கப்பட்டுவிட்டது: விரைவாக, விரிவாக, முழுமையாக. அதைச் செயற்படுத்துவதற்கான வசதிதான் அக்காலத்தில் இல்லை. நோயாளியை உணர்விழக்கச் செய்யத் தக்க மயக்க மருந்து இல்லை. சீழ் பிடிக்காமல் காக்கும் வழி இல்லை. இழந்த இரத்தத்தை ஈடு செய்யும் முறையும் இல்லை.

காஷ்மீரத்துக் காங்கிரி

தீக்கும் புற்றுக்கும் உள்ள உறவை உலகிற்கு உணர்த்திய நாடுகளுள் நம் நாடும் ஒன்று. காஷ்மீர மக்கள் குளிர்காலத்தில் 'காங்கிரி' என்னும் மண்சட்டியில் தணலை இட்டு, பிரம்புப் பின்னலில் பொதிந்து, தம் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வர். அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் ஆண்டுக்கணக்கில் அச்சூடு படும். அவ்விடங்களில் ஆறாத புண்ணாகப் புற்றுத் தோன்றுவதை மருத்துவர் எல்ம்ஸ்லி 1866இல் எழுதி வெளியிட்டார். பின்னர் ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய எர்னஸ்ட் நெவ், அத்தகைய புற்றுகளை அறுத்து நீக்கிய நெடுநாள் அனுபவத்தை 1923இல் எழுதினார்.

இதற்கு முன்பே, 1828இல் பிரான்சு நாட்டு மருத்துவர் மார்ஜொலின், தழும்புகளில் தோன்றும் ஆறாப் புண்களை விவரித்திருந்தார். அவை புற்றென அவர் அறிந்திலர். ஆயினும் 1903இல் அமெரிக்க அறுவை மருத்துவர் டா கோஸ்டா, தழும்பில் பிறக்கும் புற்றுக்கு 'மார்ஜொலின் புண்' என்று அவர் பெயரையே சூட்டினார்.

இப்புற்றின் இயல்பை இன்று தெளிவாக அறிந்துள்ளோம். தீப்புண் ஆறிச் சராசரியாக முப்பது ஆண்டுகள் கழிந்த பின் அது தலைகாட்டுகிறது. பத்து வயதில் மத்தாப்புத் தீயில் வெந்த சிறுமிக்கு, அவள் பேரக் குழந்தையைக் கொஞ்சும் காலத்தில் வரக்கூடும். தோல் ஒட்டாமல் தானே ஆற விடப்பட்ட ஆழ்ந்த புண்களிலும், மூட்டுகளின் மேல் இறுகி, அசையும்போதெல்லாம் வெடித்துப் புண்ணாகும் தழும்புகளிலும் இது மிகுதி. கால்களில் தோன்றுவது அதிகம். தழும்புடையோர் எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. தீத்தழும்புகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டே இவ்வாறு மாறுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆனால் தீயே தொழிலாகிவிட்ட ஒரு வட்டாரத்தில் அந்த ஒன்றிரண்டையும் நாம் புறக்கணித்தல் ஆகாது.

அச்சம் பிறந்த கதை

1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் அறுவை செய்து காட்டப்பட்டது. 1867இல் லிஸ்டர், கிருமியழிப்பு முறையை அறிவித்தார். கத்திக்கு இருந்த தளைகள் அறுந்தன. பல கட்டிகளைத் துணிந்து அறுக்கும் காலம் பிறந்தது. நம் கேள்விக்குரிய விடையும் இங்கேதான் இருக்கிறது.

சார்கோமா வளரும்போது, சுற்றியுள்ள தசையை நெருக்கி, தன்னைச் சுற்றி ஓர் உறை போன்ற தோற்றத்தை உண்டாக்கிக்கொள்ளும். அறுவை மருத்துவர் கத்தியை வைத்ததும், பயற்றங்காயிலிருந்து பயறு பிதுங்குவதுபோல் அது அழகாகப் பிதுங்கி வந்துவிடும். "முழுவதும் வந்துவிட்டது" என்று மருத்துவரும் மகிழ்வார், நோயாளியும் மகிழ்வார். உண்மையில் அது பொய்யுறை. உறையும் புற்றின் பகுதியே. அதற்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் ஓடியிருக்கும். இவ்வாறு பிதுக்கி எடுக்கப்பட்டோரில் மிகப் பலருக்குச் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ அதே இடத்தில் கட்டி முன்னிலும் பெரிதாய் எழுந்தது. சிலருக்கு நுரையீரலுக்கும் சென்றது.

இதைக் கண்ட ஊர் என்ன சொல்லும்? "கட்டி சும்மா இருந்தது. கத்தி பட்டது, பரவிவிட்டது" என்றுதான் சொல்லும். மக்கள் கண்டது பொய்யன்று. கண்டதற்குக் கற்பித்த காரணமே பிழை. புற்றைப் பரப்பியது கத்தியன்று. பாதியில் நின்ற கத்தி, விட்டு வைத்த வேரே மீண்டும் வளர்ந்தது. பழையோர் எச்சரித்ததும் இதனையே அன்றோ!

இவ்வனுபவத்தால் மருத்துவ உலகம் மறுகோடிக்குச் சென்றது. தொடையில் சார்கோமாவா, காலையே எடுத்துவிடு என்றாயிற்று. உயிர் தப்பினும் கால் போயிற்று. கூலி வேலை செய்து பிழைப்பவனுக்குக் கால் போவது, குடும்பம் முழுவதும் விழுவதற்குச் சமம். எனவே அறுவையைப் பற்றிய அச்சம் இருமடங்காயிற்று: கத்தி பட்டால் பரவும், பரவாவிட்டால் கால் போகும். இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ஏழை, பற்றுப் போடுபவரை நாடிச் சென்றதில் வியப்பென்ன?

காலைக் காத்த ஆய்வு

இந்நிலை மாறியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் என்னெகிங் 1980இல், அறுவையை அதன் எல்லையைக் கொண்டு நால்வகைப்படுத்தினார். கட்டிக்குள்ளேயே வெட்டுவது முதல்வகை. பொய்யுறையை ஒட்டி எடுப்பது இரண்டாவது. சுற்றிலும் நல்ல திசுவை ஒரு போர்வை போலச் சேர்த்து எடுப்பது மூன்றாவது. அத்தசைப் பகுதி முழுவதையும் நீக்குவது நான்காவது. முதலிரண்டும் சார்கோமாவுக்குப் போதா என்பது தெளிவாயிற்று.

அடுத்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை நடத்தி 1982இல் முடிவை வெளியிட்டனர். கை கால்களில் சார்கோமா கண்ட 43 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். 16 பேருக்கு உறுப்பு நீக்கப்பட்டது. 27 பேருக்கு உறுப்பைக் காத்து, கட்டியை விரிவாக அறுத்தெடுத்துக் கதிர்வீச்சும் அளித்தனர். உறுப்பைக் காத்த 27 பேரில் நால்வருக்கு அதே இடத்தில் நோய் மீண்டது. உறுப்பு நீக்கப்பட்டோரில் ஒருவருக்கும் மீளவில்லை. ஆனால் உயிர் பிழைத்திருப்பதில் இரு பிரிவாருக்கும் குறிப்பிடத் தக்க வேறுபாடே காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஆயினும் எண்ணற்ற கால்களைக் காத்த ஆய்வு அது. இன்று தேர்ந்த மருத்துவமனைகளில், கை கால்களில் சார்கோமா கண்டோரில் பத்துக்கு ஒன்பது பேரளவுக்கு உறுப்பு காக்கப்படுகிறது.

பன்னிரண்டு படுக்கைகள்

இவ்வறிவு நம் வாசலுக்கு வந்த கதையையும் நாம் அறிதல் வேண்டும். கதிர்வீச்சு இன்றேல் காலைக் காக்கும் அறுவை நிறைவு பெறாது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1934இல் பெர்னார்டு கதிரியல் நிறுவனம் தோன்றியது. 1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. எனினும் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை தென்னாட்டில் இல்லை.

1923இல் தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை ஒரு சபதமாக்கிக் கொண்டார். அவருடைய முயற்சியால் 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் பிறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1957இல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அங்கு நிறுவப்பட்டது. நம் நாட்டில் அதுவே முதலாவது. பணமில்லாதவர் என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பதே அந்நிலையத்தின் கொள்கை. ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் அங்கேயே உழைத்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரி 19ஆம் நாள் மறைந்தார்.

சிவகாசி ஏழைக்குச் சென்னை தொலைதூரம். அடையாற்று நிலையம் தோன்றிய அதே 1954ஆம் ஆண்டில் மதுரை மருத்துவக் கல்லூரியும் தோன்றியது. அதனோடு இணைந்த அரசு இராஜாஜி மருத்துவமனையே நெடுங்காலம் இவ்வட்டாரத்தின் புகலிடம். 2022 ஜனவரி 12ஆம் நாள் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்க்கான அறுவையும் கதிர்வீச்சும் இடம்பெற்றுள்ளன. ஆகவே இன்று வழியை அடைத்து நிற்பது தொலைவைக் காட்டிலும் அச்சமே எனலாம்.

நம் கடமை

தழும்புடையோர் அறிய வேண்டியவை சில. தீப்பட்டவுடன் குழாய்நீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். மையும் பற்பசையும் முட்டை வெண்கருவும் வேண்டா. ஆழ்ந்த புண்ணுக்குத் தோல் ஒட்டும் சிகிச்சையை மருத்துவர் கூறினால் தட்டிக் கழிக்கலாகாது. அது அழகுக்காக மட்டும் செய்வதன்று. பழைய தழும்பில் புண் தோன்றி மூன்று வாரங்களாகியும் ஆறாவிட்டால், அதன் ஓரம் தடித்தால், நாற்றமோ இரத்தக் கசிவோ காணப்பட்டால், உடனே அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கட்டியைப் பொறுத்தவரை, வலி இல்லை என்பது நற்செய்தியாகாது. சார்கோமா பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்டதாக, ஆழத்தில் பதிந்ததாக, வளர்ந்துகொண்டே வருவதாக ஒரு கட்டி இருப்பின், "கொழுப்புக் கட்டிதான்" என்று கருதி ஏதேனும் ஒரு மருத்துவமனையில் பிதுக்கி எடுத்துவிடச் சொல்லலாகாது. முதலில் படம், பின்னர் தடித்த ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதனை, அதன் பின்னரே அறுவை. இவ்வரிசை மாறலாகாது. ஊசி குத்தினாலும் பரவும் என்று அஞ்சுவோர் உளர். பின்னர்ச் செய்யப்போகும் அறுவையின் கோட்டிலேயே ஊசி செல்லுமாறு தேர்ந்த மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஊசி சென்ற பாதையும் அறுவையின்போது நீக்கப்பட்டுவிடும்.

நம் குடும்பங்களிலுள்ள பெண்களைக் குறித்து ஒரு சொல். தழும்பு வெளியே தெரிந்தால் மகளின் திருமணம் தடைப்படுமோ என்று தாய் மறைக்கிறாள். தொடையிலோ அடிவயிற்றிலோ தோன்றிய கட்டியை நாணத்தால் கணவரிடமும் கூறாத மாதர் உளர். சிகிச்சையின் தேவைக்காக மறைவான உறுப்பை மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்க அறிஞர்கள் இடமளித்தே இருக்கின்றனர். பெண் அறுவை மருத்துவர்களும் இன்று பலர் உளர். நாணம் நல்ல பண்பு. உயிரைக் கொடுத்து அதைக் காக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

கத்தி பட்டால் பரவுமா? பரவாது. எஞ்சியது பரவும், காலம் தாழ்த்தியது பரவும். இனி நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய கூற்றை எடுத்துச் சொல்ல வாய் திறக்கும்போது, இவ்விரு வாக்கியங்களையும் அவர்களிடம் அன்போடு எடுத்துரைப்போமாக.